விழுந்து உடையும் டேப்லெட்டும் வயதாகி ஓயும் டேப்லெட்டும்: திருப்பூரிலிருந்து ஒரு விலைக் கணக்கு

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நாற்பது தையல் மெஷின் ஓடும் சிறிய பனியன் கம்பெனி எங்களுடையது. ஏற்றுமதியாளர்களிடமிருந்து துணியை வாங்கி, வெட்டி, தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் செய்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது வேலை. 2024 ஆடித் தள்ளுபடியின்போது பதின்மூன்றாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் இரண்டு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளையும், மறு ஆண்டு 34,900 ரூபாய்க்கு ஏ16 சிப் கொண்ட ஐபேட் ஒன்றையும் வாங்கினோம். மலிவு டேப்லெட்டுக்கும் உயர்ரக டேப்லெட்டுக்கும் இடையிலான விலைப் போட்டியைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் வீட்டு சோபாவில் சாய்ந்து படம் பார்ப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பஞ்சு பறக்கும் தகரக் கூரைக் கூடத்தில் அதே போட்டி வேறு விதமாக முடிகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு டேப்லெட் தேவைப்பட்டதற்குக் காரணம் காகிதம். ஒவ்வொரு ஆர்டருக்கும் டெக் பேக் என்னும் கோப்பு வரும். முப்பது நாற்பது பக்கங்களில் அளவுப் பட்டியல், தையல் விவரம், லேபிள் வைக்கும் இடம், மடிக்கும் முறை எல்லாம் இருக்கும். ஆர்டர் கொடுக்கும் பையர் அதை இரண்டு மூன்று முறை திருத்தி அனுப்புவார். திருத்தியதை அச்செடுத்துக் கட்டிங் டேபிளுக்கும் செக்கிங் டேபிளுக்கும் கொடுத்தாலும், பழைய தாள் ஒன்று எங்காவது ஒரு மெஷினுக்கு அடியில் உயிரோடு கிடக்கும். அப்படி ஒரு பழைய தாளைப் பார்த்துக் கழுத்து அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக முந்நூறு பீஸ் தைத்துவிட்ட பிறகுதான், தாளை ஒழித்துத் திரையில் காட்டுவது என்று முடிவெடுத்தோம். அந்த நஷ்டத்தில் இரண்டு டேப்லெட் வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டினார், வாங்கினோம்.

2024இல் பதின்மூன்றாயிரம் ரூபாய் மட்டத்தில் சந்தை நெருக்கமாக இருந்தது. சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஏ9, 8.7 அங்குலத் திரையுடன் 2023 அக்டோபரில் 12,999 ரூபாய்க்கு வந்திருந்தது. ரெட்மி பேட் எஸ்இ, 11 அங்குலத் திரையும் 8,000 எம்ஏஎச் பேட்டரியுமாக 2024 ஏப்ரலில் அதே 12,999 ரூபாய்க்கு வந்தது. நான் வாங்கியது இவ்விரண்டும் அல்ல. ஆனால் அந்த விலையில் எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் எண்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதற்கும் கீழே ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்குப் பெயர் தெரியாத டேப்லெட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதத் தேவையில்லை: பாதுகாப்பு அப்டேட் வருமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத பொருளில் பையரின் கோப்பையோ வங்கிக் கணக்கையோ திறக்கக் கூடாது.

முதல் ஆறு மாதங்களுக்கு எங்கள் மலிவு டேப்லெட்டுகள்மீது எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை. காலை எட்டரைக்குச் சார்ஜரிலிருந்து எடுத்தால் இரவு ஷிப்ட் முடியும் வரை பேட்டரி நின்றது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் மாறும் நேரத்திலும் செக்கிங் டேபிளில் அளவுப் பட்டியல் அணையாமல் இருந்தது. அதுவரை அச்சுத் தாளைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பெரிய வசதி. ஓராண்டு கடந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் திரை வெள்ளையாகி நின்று, பிறகு எழுத்து வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் டெக் பேக் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து திறந்தது. செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருநாள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: “இது தொட்டு வர்றதுக்குள்ள நான் நாலு பீஸ் பார்த்துருவேனுங்க.” எந்த பெஞ்ச்மார்க் எண்ணும் இதைவிடத் தெளிவாக அந்தக் கருவியின் வேகத்தைச் சொல்லியிருக்காது.

இந்தத் தேய்மானத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்க்காரருக்குக் கணினி அறிவு தேவையில்லை. ஒரு டி-ஷர்ட்டின் விலையில் பத்து ரூபாய் குறைக்க வேண்டும் என்று பையர் கேட்டால் என்ன செய்வோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியை 160 ஆக்குவோம், துணியின் மேல் பிசிறை நீக்கும் பயோ வாஷை விட்டுவிடுவோம், நூலை மாற்றுவோம். மடித்துப் பாலிதீன் பையில் போட்ட சட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான்கைந்து முறை துவைத்த பிறகே தெரியும். டேப்லெட்டிலும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகும் திரை அங்குலம், பேட்டரி அளவு, கேமரா எண் ஆகியவற்றில் யாரும் கை வைப்பதில்லை. வெட்டு விழுவது உள்ளே இருக்கும் சேமிப்பின் வகையில். 128 ஜிபி என்று இரண்டு பெட்டிகளிலும் எழுதியிருந்தாலும், மலிவான பலவற்றில் இருப்பது இஎம்எம்சி என்னும் பழைய வகை. விலை கூடியவற்றில் இருப்பது யூஎஃப்எஸ் போன்ற வேகமான வகை. இஎம்எம்சியில் ஒரு நேரத்தில் படிப்பது அல்லது எழுதுவது, இரண்டில் ஒன்றுதான் நடக்கும். யூஎஃப்எஸ்ஸில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பின்னணியில் ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது அளவுப் பட்டியல் ஏன் உறைந்து நிற்கிறது என்பதற்குப் பெரும்பகுதி விடை இதில் இருக்கிறது. மீதி விடை 4 ஜிபி ரேமில் இருக்கிறது. கடையில் வாங்கும்போது சேமிப்பு எந்த வகை என்று கேளுங்கள். விற்பனையாளருக்குப் பெரும்பாலும் தெரியாது, ஆனால் நீங்கள் கேட்பதைப் பார்த்து அவர் அடுத்த மாதிரியை எடுத்துக்காட்டும் விதத்தில் ஒரு மாற்றம் இருக்கும்.

விலைப் போட்டி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை சற்று வேடிக்கையானது. ஐபேட் 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2011 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 16 ஜிபி மாதிரியின் விலை 27,900 ரூபாய். அதே 2011இன் அக்டோபரில், மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் ‘ஆகாஷ்’ டேப்லெட்டை அறிமுகப்படுத்தினார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அதன் ஏழு அங்குலத் திரை, விரலால் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும் என்னும் வகையைச் சேர்ந்தது. ரேம் 256 எம்பி. ஐபேடின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத விலையில் மாணவர் கைக்கு டேப்லெட் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான், ஆனால் கருவி அந்த எண்ணத்தைத் தாங்கவில்லை. அந்த ஆண்டே எச்பி நிறுவனம் 499 டாலருக்கு வெளியிட்ட டச்பேடை ஏழு வாரங்களுக்குள் கைவிட்டு, மிச்சமிருந்ததை 99 டாலருக்குத் தள்ளியபோது வாங்குவோர் முண்டியடித்தார்கள். தயாரித்தவருக்குக் கட்டாத விலையில் விற்றால் கூட்டம் சேரும் என்பதைத் தவிர அதில் படிக்க ஒன்றுமில்லை. அமேசான்தான் விவரமாக நடந்துகொண்டது: 2011 நவம்பரில் கிண்டில் ஃபயரை 199 டாலருக்கு விற்று, லாபத்தைக் கருவியில் தேடாமல் அதில் வாங்கப்படும் புத்தகத்திலும் படத்திலும் தேடியது. இன்று மலிவு டேப்லெட்டை இயக்கியதும் நாம் கேட்காத விளையாட்டுகளும் கடன் செயலிகளும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பதற்கும் இதுதான் தத்துவம். பொருளின் விலையில் ஒரு பகுதியை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள்.

உயர்ரகத்தின் பதிலடி தாமதமாக வந்தது. ஆப்பிள் 2017 மார்ச்சில் 329 டாலருக்கு அடிப்படை ஐபேடை விட்டது. நடுவில் 2022இல் பத்தாம் தலைமுறையை இங்கே 44,900 ரூபாய்க்குக் கொண்டுவந்து சற்று மேலேறிப் பார்த்தது. 2024 மே மாதத்தில் அதே மாதிரியை 34,900க்கு இறக்கியது. 2025 மார்ச்சில் ஏ16 மாதிரியை 128 ஜிபி சேமிப்புடன் அந்த 34,900க்கே நிறுத்தியது. பதினான்கு ஆண்டுகளில் நுழைவு விலை கால் பங்குதான் ஏறியிருக்கிறது, சேமிப்போ எட்டு மடங்கு. அதே கடையில் 11 அங்குல எம்4 ஐபேட் ப்ரோ 99,900 ரூபாய்க்கு அறிமுகமானது என்பதையும் பார்த்தால், உயர்ரகம் என்பது இப்போது ஒரு விலை அல்ல என்பது புரியும். மேல்மாடி மேலே போய்க்கொண்டே இருக்கிறது; வாசற்படியை மட்டும் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள்.

நான் ஐபேட் வாங்கியதற்குக் காரணம் வேகம் அல்ல, நிறம். எங்கள் தொழிலில் ஷேடு, அதாவது துணியின் துல்லியமான நிறம், என்பது உயிர். சாயப்பட்டறையிலிருந்து வரும் லேப் டிப் என்னும் சாயமிட்ட மாதிரித் துண்டை, சீரான வெளிச்சம் தரும் லைட் பாக்ஸில் வைத்து, பையர் கொடுத்த பேண்டோன் நிற எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த திரையானாலும் அதைப் பார்த்து ஷேடுக்குச் சம்மதம் தரக் கூடாது. ஆனால் பிரிண்ட் டிசைன் வரும்போது எந்த நிறம் எங்கே வருகிறது என்று பேசுவதற்குத் திரைதான் இருக்கிறது. சென்ற ஆண்டு கிரே மெலாஞ்ச் என்னும் கலப்புச் சாம்பல் துணியில் கடுகு மஞ்சள் எழுத்து வரும் ஒரு டிசைனை மலிவு டேப்லெட்டில் திறந்தேன். சாம்பல் நிறம் நீலம் தட்டித் தெரிந்தது, கடுகு மஞ்சள் எலுமிச்சையாகியிருந்தது. பக்கத்தில் மகளின் பழைய ஐபேடில் அதே கோப்பைத் திறந்தபோது, கையில் இருந்த துணித் துண்டுக்கு அருகிலாவது வந்தது. இரண்டு மலிவு டேப்லெட்டுகளும் ஒரே மாதிரியைச் சேர்ந்தவை என்றாலும், அவையிரண்டையும் அருகருகே வைத்தால்கூட ஒன்று கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருந்தது என்பதே எனக்கு அதிக வியப்பைத் தந்தது. மலிவுக் கருவிகளில் மிச்சம் பிடிக்கப்படும் இன்னோர் இடம் இது: தொழிற்சாலையில் திரையைத் தனித்தனியாகச் சீர்செய்வதற்கு ஆகும் நேரம்.

அதற்காக அடிப்படை ஐபேடின் திரையைப் புகழ்ந்துகொண்டிருக்கவும் முடியாது. நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரை அது; பாதி விலைக்கும் குறைவான ரெட்மியில் 90 இருக்கிறது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால், ஆப்பிள் பென்சில் என்னும் மின்பேனாவால் எழுதினால் கோடு முனைக்குச் சற்றுக் கீழே விழுவதுபோலத் தோன்றும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் இல்லை. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கலாம். கடைசி இரண்டு குறைகளும் 59,900 ரூபாய்க்கு அறிமுகமான ஐபேட் ஏரில் இல்லை. ஆனால் அந்தக் காற்று இடைவெளிக்கு ஒரு நன்மை உண்டு, அதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மகளிடம் இருப்பது 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட். அதன் கண்ணாடி கோவை பீளமேட்டில் கல்லூரி விடுதியில் உடைந்தது. காந்திபுரத்தில் ஒரு பழுதுபார்ப்பவர், உள்ளே உள்ள திரையைத் தொடாமல் மேல் கண்ணாடியை மட்டும் மாற்றி அன்று மாலையே கொடுத்துவிட்டார். கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டிய உயர் மாதிரிகளில் இப்படித் தனியாகப் பிரிக்க முடியாது, முழுவதையும் மாற்ற வேண்டும்.

எங்கள் இரண்டு மலிவு டேப்லெட்டுகளில் ஒன்று பதினைந்தாம் மாதத்தில் கட்டிங் டேபிளிலிருந்து சிமென்ட் தரையில் முகம் குப்புற விழுந்தது. சர்வீஸ் சென்டரில் உதிரி பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றும், வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவாகும் என்றும் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனத்தில் ஓடும், என் பார்வையில் இந்த விலைப் போட்டியைத் தீர்மானிக்கும் கணக்கும் அதுதான். 12,999 ரூபாய் டேப்லெட் இரண்டு ஆண்டுகள் நன்றாக ஓடினால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024இன் ஐபேட்ஓஎஸ் 18 வரை இயங்குதளத்தின் புதிய பதிப்பு கிடைத்தது; அடுத்த பதிப்பு 2025இல்தான் வந்தது என்பதால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அந்தக் கணக்கில் 34,900 ரூபாயை ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 5,817 ரூபாய்தான். விலை கூடியதே மலிவு என்று இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். சாம்சங்கும் 2024இன் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறது என்பதால் இந்த வாதம் ஆப்பிளுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆனால் அந்த ஆறு ஆண்டுகள் கருவி முழுசாக இருந்தால்தான் கணக்கு நிற்கும். கட்டிங் டேபிளில் எந்த டேப்லெட்டும் வயதாகிச் சாவதில்லை. விழுந்து சாகிறது, அல்லது பஞ்சு அடைத்துச் சாகிறது. அங்கே ஆறு ஆண்டு அப்டேட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் இருபத்திரண்டாயிரம் ரூபாய் முதல் விழுதலிலேயே போய்விடும். அதனால் கூடத்துக்கு மலிவு, மேஜைக்கு உயர்ரகத்தின் வாசற்படி என்பது என் முடிவு. கருவி எப்படிச் சாகப் போகிறது என்று முதலில் யோசித்துவிட்டு, பிறகு விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நடுவில் இருக்கும் இருபதாயிரம் முதல் முப்பத்தேழாயிரம் வரையிலான பகுதியில்தான் உண்மையான சண்டை நடக்கிறது, வாங்குபவர் அதிகம் குழம்புவதும் அங்கேதான். ஷாவ்மி பேட் 6, 2023 ஜூனில் 26,999 ரூபாய்க்கு வந்தபோது 2880க்கு 1800 புள்ளிகள் கொண்ட திரை, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை புதுப்பிப்பு) என்று அடிப்படை ஐபேடைக் காகிதத்தில் தோற்கடித்தது. ஒன்பிளஸ் பேட் கோ அதே ஆண்டு அக்டோபரில் 19,999க்கு வந்தது. சாம்சங்கின் டேப் எஸ்9 எஃப்இ 36,999க்கு வந்தது. ஆனால் பேனாவைச் சேர்த்துப் பாருங்கள். ஷாவ்மியின் பேனா 5,999 சேர்ந்தால் 32,998 ஆகிறது. ஐபேடோடு யூஎஸ்பி-சி பென்சில் 7,900 சேர்ந்தால் 42,800, அதிலும் அந்தப் பென்சிலுக்கு அழுத்தம் உணரும் திறன் கிடையாது. சாம்சங்கில் எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வருகிறது, எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்யவும் தேவையில்லை. கருவிக்குத் தண்ணீரும் தூசியும் புகாத ஐபி68 தரமும் உண்டு. கையெழுத்தில் குறிப்பெடுக்கும் மாணவருக்கோ, டிசைனில் திருத்தம் கிறுக்கிக் காட்டும் மாஸ்டருக்கோ வாங்குவதானால் பட்டியலில் விலை கூடியதாகத் தெரிந்த சாம்சங்கே நியாயமான பேரம். நான் அதை வாங்காமல் ஐபேடுக்குப் போனதற்கு மகளின் பழைய ஐபேடில் பழகிய கைதான் காரணம். அதைத் தர்க்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பில் போடும் இடத்தில் கம்பெனி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டேப்லெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 34,900 ரூபாயில் பொருளின் விலை 29,576, வரி 5,324. தொழிலுக்காக வாங்கி, பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கினால் அந்த 5,324 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். மலிவு டேப்லெட்டில் அதே வழியில் திரும்புவது 1,983 ரூபாய்தான் என்பதால், தொழில் கணக்கில் வாங்குபவருக்கு இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மூவாயிரத்துச் சொச்சம் சுருங்குகிறது. முதல் இரண்டு டேப்லெட்டுகளை இணையத்தில் என் சொந்தப் பெயரில் அவசரமாக வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்தில் பில்லை நீட்டியபோது, அங்கிருந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்பர் போடலீங்களேண்ணா” என்று சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்படுவதிலும் வட்டி இருக்கிறது; அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டியின்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பரிசீலனைக் கட்டணமும் அட்டையில் ஏறும். மலிவான டேப்லெட்டைத் தவணையில் வாங்குவது, கட்டணங்களைச் சேர்த்துப் பார்த்தால், அநேகமாக வீண்.

மிச்சமிருக்கும் மலிவு டேப்லெட் இப்போதும் செக்கிங் டேபிளில்தான் இருக்கிறது. அதில் வாட்ஸ்அப்பையும் மற்றச் செயலிகளையும் நீக்கிவிட்டு, பிடிஎஃப் திறக்கும் செயலி ஒன்றை மட்டும் விட்டுவைத்த பிறகு பக்கம் புரளும் வேகம் ஓரளவு திரும்பியது. அந்த அக்காவின் கணக்கில் நாலு பீஸ் இரண்டு பீஸாகக் குறைந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை சம்பளம் போட்டு முடித்ததும், கருவியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் சார்ஜிங் துளையிலிருந்து பஞ்சை நெம்பி எடுக்கிறேன். ஊசி கூடாது, உள்ளே இருக்கும் பின்கள் வளைந்துவிடும். ஒரு வாரத்தில் சேர்ந்து, அழுந்தி, சாயம் கலந்து கெட்டிப்பட்ட பஞ்சு, உளுந்தளவு உருண்டையாக வெளியே வரும். அந்த வாரம் ஓடிய துணியின் நிறம் அதில் இருக்கும்.